ஊசியில் வைத்த சந்தனம்

சென்ற மாதம் இரண்டு இளைஞர்கள் சென்னையிலிருந்து என்னைத் தேடி வந்தார்கள். கறுப்பு இசைத்தட்டுகள் மறுபடி நாகரிகமாகிவிட்டனவாம். பிளேயர் வாங்கிவிட்டார்கள், அதற்கு மேல்தரமான கார்ட்ரிட்ஜும் வாங்கிவிட்டார்கள், அதைப் பொருத்தும் விதத்தைப் படமாகவும் பார்த்துவிட்டார்கள். பிறகு என்னிடம் என்ன வேண்டும் என்று கேட்டேன். "அனுபவத்துல எதாவது சொல்லுங்க சார்" என்றார்கள்.

"பயப்படுங்கள்" என்றேன்.

மரியாதைக்காகச் சிரித்தார்கள். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. விளக்கிச் சொல்ல நேரம் இல்லை. அவர்களுக்குச் செங்கல்பட்டு பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது. அதனால் எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுவில் ரேடியோ டிப்ளமா முடித்துவிட்டு உத்திரமேரூருக்குத் திரும்பினேன். அரசாங்க வேலைக்கு விண்ணப்பித்துவிட்டு, உத்தரவு வரும்வரை இருக்கட்டும் என்று பஜாரில் வரதராஜனின் ஒலிபெருக்கிக் கடையில் தற்காலிகமாகச் சேர்ந்தேன். ஓய்வு பெறும்வரை தற்காலிகமாகவே இருந்தேன். முதல் சில ஆண்டுகள் புளியமரங்களில் குழாய் ஒலிபெருக்கி கட்டுவதில் போயின. கூரத்தில் திருவிழா, ராஜகுளத்தில் கல்யாணம், நடுவில் எங்காவது ஒரு கட்சிக் கூட்டம். மழையில் நனைந்த ஆம்ப்ளிபையரைத் தொட்டால் வரும் ஷாக்கிலும், வெறுங்காலோடு தொட்டால் வரும் ஷாக்கிலும் உள்ள வேறுபாட்டை எந்தப் பாலிடெக்னிக்கிலும் சொல்லித்தருவதில்லை. நான் சம்பளத்தோடு கற்றுக்கொண்டேன்.

வரதராஜன் ஒருநாளும் குரலை உயர்த்தியவர் இல்லை. அதுதான் அவரிடம் எனக்கு இருந்த பயம். ஒருமுறை மரத்திலிருந்து குழாய் ஒன்று நழுவி அவர் காலடியில் விழுந்து நசுங்கியது. அவர் அதைப் பார்த்தார். மேலே என்னைப் பார்த்தார். "இப்ப இன்னா பண்லாம் டிப்ளமா?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருந்தார். நான் கிளையில் உட்கார்ந்தபடி யோசித்தேன். அவர் கீழே நின்று காத்திருந்தார். ஒரு அறை விட்டிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன்.

என் பெயரை அவர் சொல்லி நான் கேட்டதில்லை. டிப்ளமாதான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் கேசட் வந்தது. ஜனங்கள் விருப்பமான பாட்டுகளைச் சொல்லி, தட்டிலிருந்து கேசட்டில் பதிந்து வாங்கிப்போக ஆரம்பித்தார்கள். வரதராஜன் கடையின் முன்பகுதியைக் கண்ணாடி வைத்து அடைத்து, ரெக்கார்டிங் சென்டர் என்று பலகை மாட்டினார். சிக்கல் அதன் பிறகுதான் தெரிந்தது. எங்கள் பிளேயரில் இருந்தது மைக் செட் காலத்துச் செராமிக் கார்ட்ரிட்ஜ். பிளேயரின் கை நுனியில் நகத்தளவு பெட்டி ஒன்று இருக்குமே, அதுதான் கார்ட்ரிட்ஜ். அதன் அடியில் இருக்கும் ஊசி தட்டின் கோடுகளில் ஓடும். செராமிக்கின் ஊசி ஓடாது, உழும். போதாததற்கு ஊசி குதிக்காமல் இருக்க அதன் தலையில் ஒரு காசை வைப்பது மைக் செட்காரர்களின் வழக்கம். புளியமர உச்சியில் குழாய் அலறும்போது அந்தக் கரகரப்பு யாருக்கும் கேட்காது. கேசட்டில் எல்லாம் கேட்டது.

மேக்னடிக் கார்ட்ரிட்ஜ் போட வேண்டும், அதில் காந்தம் இருக்கும் என்று வரதராஜனிடம் சொன்னேன்.

"காந்தமா? இப்ப கீறது இன்னா, மரமா?"

எடை குறைவு, தட்டு தேயாது, ஓசை தெளிவு என்று அடுக்கினேன். நான் முடிக்கும்வரை கேட்டார். "மெட்ராஸ் போ. எது வெல ஜாஸ்தியோ அத வாங்கிக்கினு வா."

"ஊசி மட்டும் தனியா ஒண்ணு உபரியா வாங்கிக்கலாங்களா?"

"ஒண்ணு போட்றதுக்கே ஒரு டிப்ளமா தேவப்படுது. ரெண்டு எதுக்கு?"

சென்னையில், ரேடியோ சாமான்கள் விற்கும் சந்தில் ஒருவர் மூன்று கார்ட்ரிட்ஜ்களை எடுத்துப் போட்டார். நல்ல நிலையில் இருக்கிறதா என்று காட்டுவதற்காக, முதலாவதன் முனைகளில் மல்டிமீட்டரின் கம்பிகளை வைக்கப் போனார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். மேக்னடிக் கார்ட்ரிட்ஜின் உள்ளே இருக்கும் சுருள் தலைமுடியைவிட மெல்லியது. மீட்டரின் பேட்டரி அதைச் சுட்டுவிடலாம். பரிசோதனையே கொலையாகும் பொருள்கள் உலகில் சில உண்டு. அவருக்குக் கோபம். "வாங்க வந்தியா, சண்டைக்கு வந்தியா?" என்றார்.

விலை உயர்ந்ததை நான் வாங்கவில்லை. அதன் ஊசி முனை முட்டை வடிவம். கோட்டின் அடிவரை இறங்கிப் படிக்கும். ஆனால் அதற்கு இறகு போன்ற கை வேண்டும், தூசியில்லாத அறை வேண்டும். எங்கள் பிளேயரின் கை உலக்கை; எங்கள் பஜாரில் தூசியைத் தவிர மற்றதெல்லாம் குறைவு. உருண்டை முனை கொண்டதாக, கொஞ்சம் விறைப்பானதாகத் தேர்ந்தெடுத்தேன். உருப்பெருக்கியில் முனையைப் பார்த்து வைரந்தான் என்று உறுதி செய்துகொண்டு, டிபன் பாக்ஸில் பஞ்சு வைத்து அதை மடியில் ஏந்தியபடி ஊர் வந்து சேர்ந்தேன். பக்கத்து இருக்கைக்காரர் சாப்பாடு கெட்டுப்போய்விடப் போகிறது என்று இரண்டு முறை எச்சரித்தார்.

பொருத்துவதற்கு ஒரு ஒழுங்கு உண்டு. வெள்ளை, நீலம், சிவப்பு, பச்சை என்று நான்கு கம்பிகள். ஒவ்வொன்றுக்கும் கார்ட்ரிட்ஜின் பின்புறம் அதனதன் முள். செராமிக்கில் முள்ளிலேயே ஈயம் உருக்கிப் பற்ற வைப்போம். இதில் சூடு ஏறினால் உள்ளே இருப்பது செத்துவிடும். ஆகவே கம்பியில் சிறு உறைகளைத் தனியாகப் பற்ற வைத்து, ஆறிய பிறகு குறட்டால் பிடித்து முள்ளில் செருக வேண்டும். குறடு வழுக்கினால் முள் போயிற்று. பிறகு வரைபடத் தாளில் கோடு கிழித்து, தட்டின் உள்சுற்றிலும் வெளிச்சுற்றிலும் ஊசி கோட்டுக்கு நேராக நிற்கும்வரை முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும். பிறகு கையின் பின்முனையில் இருக்கும் எடையைத் திருகி, கை காற்றில் மிதக்கும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். அதன் பிறகுதான் ஊசி தட்டில் அழுத்தும் எடை.

இரண்டு கிராம் எடையை அளக்க எங்கள் ஊரில் ஒரே ஒரு இடந்தான் இருந்தது. பிளேயரைத் துணி போட்டு மூடி, பஜாரின் குறுக்கே நகைக்கடை ஆசாரியிடம் தூக்கிப் போனேன்.

"இன்னா சார், ஊசிய அடகு வெக்க வந்தியா?" என்றார். ஆனால் தராசுத் தட்டில் நான் ஊசியை இறக்கியபோது அவரும் மூச்சு விடவில்லை. மறுதட்டில் அவர் வைத்த எடைக்கல்லும் ஊசியும் சமமாக நின்றன. "தங்கத்துக்குக்கூட இவ்ளோ பயந்தது இல்ல" என்றார்.

கடைசியாக எர்த். மேக்னடிக் கார்ட்ரிட்ஜ் தரும் ஓசை மிகச் சிறியது. எர்த் சரியில்லையென்றால் பாட்டை மீறி ம்ம்ம் என்று ஒரு உறுமல் வரும். கடையின் பின்னால் குழி வெட்டி, கரியும் உப்பும் கொட்டித் தண்ணீர் ஊற்றினேன். உறுமல் நின்றது. ஒரு பழைய தட்டைப் போட்டுக் காட்டினேன். வரதராஜன் கண்ணை மூடிக் கேட்டார்.

"இத்தினி நாளா இதெல்லாம் எங்க இருந்திச்சி?" என்றார். அவர் வாயிலிருந்து எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது. அதுவும் என்னைப் பற்றியது அல்ல.

அந்தச் செய்தி பரவித்தான் அலமேலு வந்தார்.

திருமுக்கூடலில் விவசாயக் குடும்பம். நாற்பதைக் கடந்தவர். உடன் வந்த கணவர் ஏழுமலைக்குக் கழனியின் மறுகோடியில் இருப்பவரோடு பேசும் குரல். அலமேலுவுக்குக் குரலே இல்லை. கழுத்தில் கழலை வந்து அறுவை செய்திருந்தார்கள். உயிர் தங்கியது, குரல் தங்கவில்லை. காற்றாகத்தான் பேசுவார். அவர் பேசும்போது எதிரில் இருப்பவர்களும் தாமாகவே குரலைத் தாழ்த்திவிடுவார்கள், ஏழுமலையைத் தவிர.

அலமேலு ஒரு பழம்புடவையைப் பிரித்து ஒரு தட்டை எடுத்தார். கடையில் விற்கும் தட்டு அல்ல. அலுமினியத்தின் மேல் மெல்லிய கறுப்புப் பூச்சு. அந்தப் பூச்சிலேயே நேராகக் கோடு வெட்டிய ஒற்றைப் பிரதி. கல்யாணத்துக்கு முன்னால் சென்னையில் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில், பாட வாய்ப்புக் கிடைக்குமா என்று பார்ப்பதற்காக மாதிரிக்கு வெட்டியது. வாய்ப்பு வரவில்லை, தட்டு மட்டும் வந்தது. அவர் பாடியது மொத்தமும் இனி உலகில் இருப்பது அந்த இரண்டு பாட்டுகளில்தான்.

"என் தங்கச்சி கல்யாணத்துல மைக் செட்டுல போட்டேன் சார். ஊரே கேட்டுது" என்றார் ஏழுமலை.

"ஊரு கேட்டுது" என்றது அலமேலுவின் காற்று. "மொதப் பாட்டு மண்ணாப் போச்சி."

வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். முதல் பாட்டின் கோடுகள் வெளுத்திருந்தன. மைக் செட் ஊசி உழுத தடம். இரண்டாம் பாட்டு கறுப்பாக, பளபளப்பாக இருந்தது. அதை யாரும் அதிகம் போட்டதில்லை. ஆனால் விளிம்பில் பூச்சு வெடித்திருந்தது; மேலே வெண்பொடி பூத்திருந்தது. இத்தகைய தட்டுகள் தாமாகவே சாகும். இன்னும் ஓரிரு கோடைகளில் பூச்சு அப்பளம் போல உரிந்துவிடும்.

"ஒரு தடவதான் போட முடியும்மா" என்றேன். "ஊசி சுத்தமா இருக்கணும். கரண்டு போகக் கூடாது. கை ஆடக் கூடாது. ரெண்டாவது தடவன்னு ஒண்ணு கிடையாது."

அலமேலு தலையசைத்தார். விஜயதசமி அன்று பதியலாம் என்று அவரே நாள் குறித்தார். எதையும் தொடங்க நல்ல நாள்.

விஜயதசமிக்கு முதல் நாள் ஆயுத பூஜை என்பதை நான் யோசிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். யோசித்தேன். பிளேயருக்கு மூடி உண்டு, மூடிவிட்டுத்தான் போனேன்.

மாலையில் நான் கடைக்குள் நுழைந்தபோது பூஜை முடிந்து பொரி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆம்ப்ளிபையர், மைக், குறடு, பற்றவைப்புக் கோல், ஏணி என எல்லாவற்றிலும் சந்தனம், குங்குமம். பிளேயரின் மூடி திறந்திருந்தது. கார்ட்ரிட்ஜின் முகப்பில் சந்தனம் அப்பியிருந்தது; அதன் நடுவில் குங்குமம். நீர்விட்டுக் குழைத்த சந்தனம். அது முகப்பிலிருந்து வழிந்து, ஊசியைத் தாங்கும் மயிர்க்கம்பியில் இறங்கி, வைரமுனையில் ஒரு மஞ்சள் துளியாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"அதுதான் கடையிலேயே ஒசந்த சாமான்" என்றார் வரதராஜன். "அதான் கொஞ்சம் பெருசா வெச்சேன்."

ஈரமாக இருந்தது. தூரிகையை நனைத்து இரண்டு முறை இழுத்தால் வந்துவிடும். நான் கையை நீட்டினேன்.

"தொடாத" என்றார். அதே மெல்லிய குரல். "பூஜ வெச்சாச்சி. நாளிக்கி காலையில கற்பூரம் காட்டி எட்த்தப்புறம்தான் தொடணும்."

"காஞ்சிடுங்க. காஞ்சா கல்லு மாதிரி ஆயிடும். அந்த அம்மாவோட தட்டுல அத வெச்சா—"

"டிப்ளமா. சாமி சாமான்."

தொழில் செய்யும் கருவி ஒருநாள் ஓய்வெடுக்கும். அந்த ஒருநாள் அதைத் தொடுபவன் கடையின் சோற்றில் கை வைக்கிறான். அதை அவர் நம்பினார். கடையில் இருந்த அத்தனை பேரும் நம்பினார்கள். பாதி நானும் நம்பினேன் என்பதுதான் என் கையை நிறுத்தியது. பொரியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். இரவெல்லாம் அந்தத் துளி காய்வது எனக்குக் கேட்டது.

விஜயதசமியன்று வரதராஜன் கற்பூரத்தை வழக்கத்தைவிட மெதுவாகக் காட்டினார். எனக்கு அப்படித் தோன்றியிருக்கலாம். எதிர்க்கடைக் கடிகாரக்காரரிடம் கண்ணில் செருகிக்கொள்ளும் பூதக்கண்ணாடியை இரவல் கேட்டேன். கொடுத்தார், அதிலும் சந்தனம். அதை முதலில் துடைத்தேன். பெயர்ப்பலகை எழுதுபவரிடம் அணில்முடித் தூரிகை ஒன்றை வாங்கிவந்தேன்.

பூதக்கண்ணாடியில் அது சந்தனமாகத் தெரியவில்லை. பாறை. ஊசியின் முனையையே காணவில்லை.

விதி எளிது: பின்னாலிருந்து முன்னால் மட்டும் துடைக்க வேண்டும், குறுக்கே ஒருபோதும் கூடாது, மயிர்க்கம்பி வளைந்தால் கதை முடிந்தது. ஸ்பிரிட் தொட்டால் சந்தனம் இளகும். ஆனால் ஸ்பிரிட் கம்பி வழியே மேலேறினால் உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் கெட்டுவிடும். எனவே நுனியில் மட்டும் தொட்டு, உலர்வதற்குள் இழுத்து, மறுபடி தொட வேண்டும். ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு மஞ்சள் துகள் வந்தது. என் மூச்சுக்கே ஊசி அசைவது கண்ணாடியில் தெரிந்தது.

நான் அப்படிக் குனிந்திருக்கும்போதே அவர்கள் வந்துவிட்டார்கள்.

"சார், நல்லா பண்ணிக் குடு சார்" என்று வாசலிலேயே தொடங்கினார் ஏழுமலை. "இவ பேசறதுதான் காதுல வுயறது இல்ல, பாட்டாவது வுயட்டும்."

வரதராஜன் என் காதருகே குனிந்தார். "சொல்லாத. அவங்களுக்கு எதுக்கு பேஜாரு."

சொல்ல வேண்டியிருக்கவில்லை. அலமேலு நேராக வந்து கார்ட்ரிட்ஜைப் பார்த்தார். முகப்பைத் துடைத்த பிறகும் குங்குமத்தின் சிவப்பு அதில் தங்கியிருந்தது.

"பொட்டு வெச்சிக்கீறீங்க" என்றார்.

"ஆமாம்மா, பூஜ" என்றார் வரதராஜன், கொஞ்சம் பெருமையாகவே.

"ஊசியிலயுமா?"

அலமேலு என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்: முனை வெளியே வந்துவிட்டது, ஆனால் ஒட்டிக்கொண்டிருக்கும் ஏதாவது ஒரு துகள் என் கண்ணுக்குத் தப்பியிருந்தால் அது உளியைப் போல வெட்டும். சாதாரணத் தட்டில் போட்டுப் பார்த்தால் போதாது, அது கெட்டி. இந்தப் பூச்சு மிருது. இதில் வைத்தால்தான் தெரியும். தெரியும்போது இது போயிருக்கும்.

ஏழுமலைக்கு முதல்முறையாகக் குரல் இறங்கியது. "இன்னொரு நாள் வரலாமா?"

வேறு ஊசி சென்னையில். சந்துக் கடைகள் பூஜை முடிந்து எப்போது திறக்கும் என்று தெரியாது. இதற்கிடையில் தட்டு பஸ்ஸில் இன்னும் இரண்டு பயணம் ஆட வேண்டும்; அன்று காலைக்குள்ளேயே விளிம்பு வெடிப்பு ஒரு விரற்கடை நீண்டிருந்தது.

வரதராஜன் கேட்டார். "இப்ப இன்னா பண்லாம்?" என்னிடம் கேட்கவில்லை. எவரிடமும் கேட்கவில்லை.

"மொதப் பாட்டுல வைங்க" என்றார் அலமேலு.

எங்களுக்குப் புரியவில்லை.

"அதுதான் ஏற்கெனவே போச்சே. அதுல வெச்சிப் பாருங்க. அறுத்தா அதோட நிறுத்திடலாம்."

முதல் பாட்டு பாழாகியிருந்ததே தவிர முழுக்கச் சாகவில்லை. மணலுக்கு நடுவே குரல் கொஞ்சம் இருந்தது. அவர் அதைத் தருகிறேன் என்கிறார். ஏழுமலை வாசலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

தட்டை வைத்தேன். பொடியை மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுத்தேன். கேசட்டை ஓடவிட்டேன். ஊசியை முதல் பாட்டில் இறக்கினேன். சில சுற்றுகள் மணல் கேட்டது. கையைத் தூக்கினேன், தட்டை நிறுத்தினேன், பூதக்கண்ணாடியைச் செருகினேன்.

ஊசி முனையில் ஒரு கறுப்பு இழை.

பூச்சு அறுபட்டால் அப்படித்தான் இழையாக வரும். அதை இடுக்கியால் எடுத்து வெள்ளைத் தாளில் வைத்தேன். அறுந்த பூச்சு என்றால் சுருளும், மினுங்கும். இது சுருளவில்லை. நீட்டிப் பார்த்தேன், நுனி கூர்ந்து, அடி தடித்து இருந்தது. அணிலின் முடி.

"இன்னா சார்?" என்றார் ஏழுமலை.

"தூரிகை முடி" என்றேன். எனக்கே என் குரல் காற்றாகத்தான் வந்தது.

இரண்டாம் பாட்டில் இறக்கினேன்.

அடுத்த சில நிமிடங்களில் என்ன பாட்டு ஓடியது என்று இன்று கேட்டால் எனக்குத் தெரியாது. நான் கேட்டது உறுமல் வருகிறதா, இரு பக்கமும் சமமாக இருக்கிறதா, எங்காவது உரசுகிறதா என்பதைத்தான். நான் பார்த்தது ஊசியை. நடுவில் எங்கோ யாரோ பம்புசெட் போட, விளக்கு மங்கி மீண்டது. பிளேயரின் மோட்டார் தாக்குப்பிடித்தது. வரதராஜன் மூடியின் விளிம்பைப் பிடித்திருந்தார். அவர் விரல்கள் வெளுத்திருந்தன. ஊசி தட்டின் மத்திக்கு வந்தது. கையைத் தூக்கித் தாங்கியில் வைத்தேன். முனையில் எதுவும் இல்லை.

ஏழுமலைக்குக் குரல் திரும்பியது. "எப்டி சார் பாடிக்கீறா?"

"உறுமல் இல்ல" என்றேன். "ரெண்டு பக்கமும் சமம்."

"அத யாரு கேட்டா? பாட்டு எப்டி கீதுன்னு கேக்கறேன்."

நான் வரதராஜனைப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டினார். அவரும் கேட்டிருக்கவில்லை.

"எனக்கும் தெரியல" என்றார் அலமேலு. "நானும் ஊசியத்தான் பாத்துக்கினு இருந்தேன். இப்ப போடுங்க."

கேசட்டைப் பின்னால் சுற்றி, பொத்தானை அழுத்தினேன். கரண்டு போயிற்று.

யாரும் எழுந்திருக்கவில்லை. மின்விசிறி சுற்றி ஓய்ந்தது. கேசட்டில் ஏதாவது பதிந்திருக்கிறதா என்பது அப்போது உலகில் எவருக்கும் தெரியாது. பதியும்போது ரெக்கார்டரின் அளவுமானியில் முள் ஆடியதை நான் பார்த்தேன். முள் பொய் சொல்லும். தட்டை இன்னொரு முறை போட முடியாது என்று சொன்னவன் நானே. வரதராஜன் மிச்சமிருந்த பொரியை எடுத்துவந்து எல்லோருக்கும் கொடுத்தார். அடுத்த ஆண்டிலிருந்து ஆயுத பூஜைக்குச் சந்தனக் கிண்ணத்தோடு பிளேயர் முன்னால் நின்று, "எங்க வெக்கலாம் டிப்ளமா?" என்று கேட்கத் தொடங்கினார், நான் மூடியைக் காட்டுவேன். அன்று அவர் எதுவும் கேட்கவில்லை. பொரி மெல்லும் ஓசை மட்டும் இருந்தது. அலமேலு தன் பங்கைக் கையிலேயே வைத்திருந்தார்.

விசிறி அசைந்தது. கேசட்டின் சக்கரங்கள் திரும்பின. முதலில் வந்தது நாடாவின் இரைச்சல். அதன் பின் மணல்; முதல் பாட்டின் அந்தச் சில சுற்றுகள். பிறகு ஒன்றுமில்லாத ஓர் இடைவெளி. அது நீண்டுகொண்டே போனது. அதற்குப் பிறகு, பாட்டு தொடங்குமுன் ஒரு பெண் மூச்சை உள்ளிழுக்கும் ஓசை.

நாற்காலியில் இருந்த அலமேலுவும் அதே கணத்தில் மூச்சை இழுத்தார்.

குரல் கேசட்டிலிருந்து வந்தது. அவர் அந்த மூச்சை, பாட்டின் முதல் அடி முடியும்வரை, வெளியே விடவில்லை.